தொழிலும் தேர்தலும்: கரகம்பாடி சொல்லும் பாடம்

(திருப்பதியில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சென்ற மாதம் சித்தூரிலிருந்து நம் உறுப்பினர் ஒருவரின் புதல்வன் என்னைப் பார்க்க வந்தான். அப்பா ஆரம்பித்த சிறிய ஆலையை நடத்துகிறான். "மாமா, அசெம்ப்ளி தேர்தல்லே என்னை நிக்கச் சொல்றா. நிக்கலாமா?" என்று கேட்டான். நான் கெமிஸ்ட்ரி படித்து, அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவன். அரசியலைப் பக்கத்திலிருந்து பார்த்ததோடு சரி. ஆகவே நம் ஊர் அறிந்த ஒரு குடும்பத்தின் வரலாற்றை அவனுக்குச் சொன்னேன். அதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

அமெரிக்காவில் என்ஜினீயராக இருந்த கல்லா ராமச்சந்திர நாயுடு தாயகம் திரும்பி, 1985-இல் அமர ராஜா நிறுவனத்தைத் தொடங்கினார். இங்கே பக்கத்தில் கரகம்பாடியில் பாட்டரி ஆலை எழுந்தது. தண்ணீர் ஊற்ற வேண்டாத, மூடிய ஈய-அமில பாட்டரி அப்போது நம் நாட்டுக்குப் புதிது. ரயில்வேயும் டெலிபோன் துறையும் அதை வாங்கின. அமரான் கார் பாட்டரி 2000-இல் வந்தது.

அந்தக் குடும்பத்துக்கு அரசியலும் புதிதல்ல. ராமச்சந்திர நாயுடுவின் மாமனார் பாட்டூரி ராஜகோபால நாயுடு 1977, 1980 தேர்தல்களில் சித்தூர் எம்.பி.யானவர். மனைவி அருணகுமாரி காங்கிரஸ் சார்பில் 1989-இல் சந்திரகிரி எம்.எல்.ஏ. ஆனார், 1999, 2004, 2009-லும் ஜெயித்து அமைச்சராகவும் இருந்தார். மாநிலம் பிரிந்தபோது குடும்பம் தெலுங்கு தேசத்துக்கு மாறியது. கம்பெனியை நடத்திவந்த மகன் ஜயதேவ் 2014, 2019 இரு முறையும் குண்டூர் எம்.பி. ஆனார்.

2019-இல் மாநிலத்தில் ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் ஆட்சிக்கு வந்தது. 2021 ஏப்ரல் 30 அன்று, ஈய மாசைக் காரணம் காட்டி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அமர ராஜாவின் ஆலைகளை மூட உத்தரவிட்டது. அடுத்த மாதமே ஹைகோர்ட் அதை நிறுத்திவைத்தது. "பழிவாங்கல்" என்றது ஒரு தரப்பு. "மாசு உண்மை" என்றது மறு தரப்பு.

எது சரி என்று நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. ஈயத்தூள் மூச்சின் வழியே ரத்தத்தில் சேரும், அளந்தால் தெரிந்துவிடும். ஆனால் ஈயத்துக்குக் கட்சி கிடையாது, அளப்பவனுக்கு உண்டு என்றே ஜனங்கள் நினைக்கிறார்கள்.

என் சர்வீஸில் ஒரு முறை ஓர் ஆலையின் கழிவுநீரைப் பரிசோதித்தேன். அமிலம் அதிகம் என்று எழுதினேன். அதன் முதலாளி அப்போது எதிர்க்கட்சி. "உன்னை யார் அனுப்பினார்கள்?" என்றுதான் எல்லோரும் கேட்டார்கள்; தண்ணீரைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. பிறகு அவர் கட்சி ஆட்சிக்கு வந்தது, ஃபைல் மூடப்பட்டது. கழிவுநீர் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. கீழே கிணறு வைத்திருந்தவர்களை நினைத்தால் இன்றும் எனக்கு உறுத்துகிறது.

அமர ராஜா 2022 டிசம்பரில், லித்தியம் பாட்டரி ஆலைக்காகத் தெலங்கானாவுடன் ரூ. 9,500 கோடிக்கு ஒப்பந்தம் செய்துகொண்டது. அது மஹபூப்நகருக்குப் போயிற்று. 2024 ஜனவரியில் ஜயதேவ், தொழிலைக் கவனிக்கப்போவதாகச் சொல்லி அரசியலிலிருந்து விலகினார்.

இதைக் கேட்டுவிட்டு, "அப்போ நிக்க வேண்டாங்கறேளா?" என்றான் பையன்.

"அப்படிச் சொல்லலை. தாராளமா நில்லு. ஆனா மூணு காரியம் பண்ணிட்டு நில்லு. ஆலை நிர்வாகத்தை வேறொருத்தர் கையிலே கொடு. அரசாங்க டெண்டர் பக்கம் போகாதே. கழிவுநீரையும் தொழிலாளிகளோட ரத்தத்தையும் வெளி லேபிலே பரிசோதிச்சு, ஜெயிச்சாலும் தோத்தாலும் வருஷா வருஷம் ரிசல்ட்டை எல்லாரும் பார்க்கும்படி வெளியிடு. ரத்தத்துக்கு மட்டும் ஆள் பேர் வேண்டாம், கணக்குப் போதும்."

"மூணாவது கஷ்டம் மாமா" என்றான்.

"அப்போ முதல்லே அதைச் சரி பண்ணு. தேர்தல் அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை வரும், காத்திருக்கலாம்" என்றேன்.

அவன் இன்னும் பதில் சொல்லவில்லை. நாளை உங்கள் வீட்டுப் பிள்ளையும் இதே கேள்வியோடு வரலாம். பொதுவாழ்வுக்குப் போகாதே என்று தடுக்க வேண்டாம். வீட்டைச் சுத்தம் செய்துவிட்டுப் போ என்று சொல்லுங்கள்.