நடுவில் வைத்த பாரம்

மன்னார்த் தீவின் வீதிகளிலே கழுதைகள் கூட்டங்கூட்டமாகத் திரிவதைக் காணாத பயணி இரார். முன்னாளில் பொதி சுமந்த விலங்குகள் அவை. பொதி ஏற்றத் தெரிந்தவன் அதனைக் கழுதையின் கழுத்தருகிலும் வைப்பதில்லை, வாலருகிலும் வைப்பதில்லை. நான்கு கால்களுக்கும் இடையே, நடுமுதுகிலே, இருபுறமும் சமமாகத் தொங்கும்படி வைத்துக் கட்டுவான். கடலுக்குச் செல்லும் வள்ளத்திலும் இதே முறைதான். கனத்த பொருள்களை முனையிலே குவித்தால் வள்ளம் அலையிற் குத்தும். பின்புறத்திலே குவித்தால் முனை தூக்கும். நடுவிலே வைத்தால் சுக்கானின் சொற்படி அது திரும்பும்.

பாரத்தை நடுவிலே வை என்னும் இந்தப் பழைய பாடத்தை மோட்டார்க் கார் உலகம் மிகவும் பிந்தியே கற்றுக்கொண்டது. அதனைச் சாதாரண மக்களும் வாங்கக்கூடிய விளையாட்டுக் காராகச் செய்து காட்டியவர்களுள் யப்பானியர் முக்கியமானவர்கள். அவர்கள் உருவாக்கிய இரு கார்களை ஒப்புநோக்குவதே இன்றைய பேச்சின் பொருள். ஒன்று டொயோட்டா நிறுவனத்தின் எம்.ஆர். 2, மற்றையது ஹொண்டா நிறுவனத்தின் என்.எஸ்.எக்ஸ்.

ஒரு வண்டியிலே மிகப் பாரமான பகுதி எஞ்சின். நாம் அன்றாடம் காணும் பெரும்பாலான கார்களில் அது முன்புறத்தே, முன் அச்சின் அருகிலே இருக்கிறது. முச்சக்கர வண்டியில் அது பின்புறத்தே இருக்கிறது. பழைய வோக்ஸ்வாகன் வண்டுக் காரிலும் அவ்வாறே. மூன்றாவது முறை ஒன்றுண்டு. ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னே, ஆனால் பின் அச்சுக்கு முன்னே, எஞ்சினை அமர்த்துவது அது. மன்னாரிலிருந்து மடுவுக்கோ வவுனியாவுக்கோ வானிற் செல்பவர்கள் இதற்கு நெருங்கிய ஓர் அமைப்பை அறிவார்கள். ஹையேஸ் வானின் முன் ஆசனத்தில் அமர்ந்தவருக்கு ஆசனத்தின் கீழிருந்து எழும் வெப்பமே எஞ்சின் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லிவிடும். ஆட்களும் பொருள்களும் ஏறுவதற்கு இடம் மிச்சப்பட வேண்டும் என்பதற்காக வானில் அவ்வாறு வைத்தார்கள். விளையாட்டுக் காரில் நடுவே வைத்ததன் நோக்கம் வேறு.

அந்த நோக்கத்தை அறிய ஒரு சிறு சோதனை போதும். ஒரு தடியை எடுத்து, அதன் இரு முனைகளிலும் இரண்டு கற்களைக் கட்டி, நடுவே பிடித்துச் சுழற்றிப் பாருங்கள். தடி திரும்ப மறுக்கும். திரும்பத் தொடங்கிய பின் நிற்கவும் மறுக்கும். அதே கற்களை இரண்டு முனைகளிலிருந்தும் நகர்த்தி, கைப்பிடிக்கு அருகே கட்டிச் சுழற்றுங்கள். இப்போது கை நினைத்த மாத்திரத்தில் தடி திரும்பும். கற்களின் நிறை கூடவுமில்லை, குறையவுமில்லை. நிறை இருக்கும் இடம் ஒன்றே மாறியது. நடுவே எஞ்சின் வைத்த கார், வளைவிலே விரைந்து திரும்புவதன் இரகசியம் இதுவே.

ஓட்டப்பந்தயக்காரர்கள் இதனை முன்னதாகவே கண்டுகொண்டனர். 1959 ஆம் ஆண்டில் ஜக் பிரபாம் என்னும் அவுஸ்திரேலிய வீரர், ஓட்டுநருக்குப் பின்னே எஞ்சின் பொருத்திய கூப்பர்க் காரிலே உலக வாகைப் பட்டத்தை வென்றார். சில ஆண்டுகளுள் அந்த உலக வாகைப் பந்தயங்களில் முன்புற எஞ்சின் கார்கள் மறைந்தொழிந்தன. 1965 ஆம் ஆண்டில் மெக்சிக்கோவிலே ஹொண்டா நிறுவனம் தனது முதல் உலகப் பந்தய வெற்றியைப் பெற்றதும் இத்தகைய அமைப்புடைய காரினால்தான். அடுத்த ஆண்டில் இத்தாலியின் லம்போர்கினி மியூரா விற்பனைக்கு வந்தது. எனினும் அது செல்வந்தரின் வாகனம். நடுவில் எஞ்சின் என்பது நெடுங்காலம் பணம் படைத்தவர்களின் சொத்தாகவே பெரிதும் இருந்துவந்தது.

1984 ஆம் ஆண்டில் டொயோட்டா வெளியிட்ட எம்.ஆர். 2 இந்நிலையை மாற்ற உதவியது. அதன் எஞ்சின் அரிய பொருளன்று. இலங்கையின் எந்த ஊரிலும் பெயர் அறிந்த கொரோலாக் குடும்பத்தில் வழங்கிய 1,600 கன சென்ரிமீற்றர் எஞ்சினே அது. முன் சில்லுகளை இயக்கும் காரில் எஞ்சினும் கியர்ப்பெட்டியும் ஒன்றாகப் பிணைந்து, குறுக்கே கிடக்கும். அந்தப் பிணைப்பை அப்படியே எடுத்து இரு ஆசனங்களுக்கும் பின்னே வைத்தார்கள். புதிய கருவிகளைப் பெருஞ்செலவில் உண்டாக்க வேண்டிய தேவை குறைந்தது. காரின் நிறை ஏறத்தாழ ஒரு தொன். வலு ஏறத்தாழ 120 குதிரைவலு. இது பெரிய வலுவன்று. ஆயினும் நிறை குறைவாகவும், அது நடுவிலேயும் இருந்தமையால், அந்த எளிய எஞ்சின் பெரிய காரியம் செய்தது. யப்பானிலே அவ்வாண்டின் சிறந்த கார் என்னும் விருதும் அதற்குக் கிடைத்தது.

ஹொண்டாவின் வழி வேறு. 1989 ஆம் ஆண்டு சிக்காகோக் கண்காட்சியிலே காட்டப்பெற்று, 1990 ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த என்.எஸ்.எக்ஸ்., இத்தாலியின் பெராரிக் கார்களையே நேர்நின்று எதிர்க்க எழுந்தது. மூன்று லீற்றர் கொள்ளளவும் ஆறு சிலிண்டர்களும் உடைய எஞ்சின். ஏறத்தாழ 270 குதிரைவலு. உடல் முழுவதும் அலுமினியம். தொகையாகச் செய்து விற்கப்பட்ட காருக்கு இத்தகைய அலுமினிய உடற்கட்டு அமைந்தது அதுவே முதன்முறை. பிரேசில் நாட்டுப் பந்தய வீரர் அயர்ட்டன் சென்னா 1989 ஆம் ஆண்டிலே சுசூகாத் தடத்தில் இதனை ஓட்டிப் பார்த்து, உடற்கட்டின் உறுதி போதாது என்று தயங்காமற் கூறினார். ஹொண்டாப் பொறியியலாளர் அதனை ஏற்று, ஜேர்மனியின் நூர்பர்க்றிங் தடத்திலே மாதக்கணக்கிற் சோதித்து, உடற்கட்டை மேலும் உறுதியாக்கினர். குறை கூறுபவரைப் பகைக்காது அவர் சொல்லைப் பயனாக்கிக் கொண்டமை அக்காரின் வரலாற்றிலே நினைவு கூரத்தக்க பகுதியாகும்.

இனி இவற்றின் குணத்தைப் பார்ப்போம். மன்னாரை நாட்டின் பெருநிலத்தோடு இணைப்பது கடலூடு செல்லும் தாம்போதி. அங்கிருந்த பழைய பாலம் 1990 ஆம் ஆண்டில் போரினால் தகர்ந்தது. யப்பானிய உதவியுடன் கட்டப்பட்ட புதிய பாலம் 2010 ஆம் ஆண்டில் திறந்துவைக்கப்பட்டது. இந்த நேர்வழியிலே நடு எஞ்சின் கார் ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். திடீரெனக் கழுதை ஒன்று குறுக்கே வருகிறது. ஓட்டுநர் பிரேக்கை அழுத்துகிறார். முன்புற எஞ்சின் காரானால் பாரத்தின் பெரும்பகுதி முன்னே சாய்ந்து, பின் டயர்களின் உதவி குறைந்துவிடும். நடு எஞ்சின் காரிலோ பின்னேயும் போதிய பாரம் இருப்பதால் நான்கு டயர்களும் வண்டியை நிறுத்த உதவுகின்றன. நேர்வழியிலே இந்த அமைப்பு உயிர் காக்கும் நண்பன்.

அதே கழுதை ஒரு வளைவிலே எதிர்ப்படட்டும். ஓட்டுநர் விரைவாக வளைவில் நுழைந்திருக்கிறார். திடுக்கிட்டு அக்சிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென எடுக்கிறார். எந்த மனிதருக்கும் இயல்பாக எழும் செயல் அது. அக்கணத்திலே பாரம் முன்னே சாய்கிறது. பின் டயர்களின் பிடி தளர்கிறது. முதுகுக்குப் பின்னாலுள்ள எஞ்சினின் நிறை வண்டியின் பின்புறத்தை வெளியே வீசுகிறது. விரைந்து திரும்பும் வண்டி விரைந்து சுழலவும் வல்லது அன்றோ? முன்புற எஞ்சின் கார் இத்தகைய பிழைக்குப் பதில் சொல்லச் சிறிது அவகாசம் தரும். நடு எஞ்சின் கார் அந்த அவகாசத்தைக் குறைத்துவிடுகிறது. வளைவுக்கு முன்னரே வேகத்தைத் தணித்து, வளைவினுள்ளே காலைப் பதறாமல் வைத்திருப்பவனுக்கே அது அடங்கும்.

இந்த உண்மை டொயோட்டாவுக்கும் ஒரு பாடமாயிற்று. 1989 ஆம் ஆண்டில் வந்த இரண்டாந் தலைமுறை எம்.ஆர். 2 உருவிலும் வலுவிலும் பெரிதாயிற்று; ஆனால் எதிர்பாராத வேளையிற் பின்புறம் வீசுகிறது என்னும் பெயரும் அதற்கு ஏற்பட்டது. 1992 ஆம் ஆண்டளவில் நிறுவனம் அதன் சில்லுத் தாங்கு அமைப்பையும் டயர்களையும் மாற்றியமைத்தது. என்.எஸ்.எக்ஸ். காரிலோ பின் டயர்களை முன் டயர்களிலும் அகலமாகத் தொடக்கத்திலேயே அமைத்து, வண்டியைப் பொறுமையுள்ளதாக்க முயன்றார்கள். ஆயினும் இயற்கை விதியைத் தணிக்கலாமேயன்றி நீக்க முடியாது.

வைத்திருப்பவரின் பாடு என்ன என்பது அடுத்த கேள்வி. எம்.ஆர். 2 காரில் எஞ்சின் பின்னே. அதனைக் குளிர்விக்கும் ரேடியேட்டர் முன்னே. இடையே தண்ணீர் செல்லும் நீண்ட குழாய்கள் வண்டியின் அடிப்புறமாக ஓடுகின்றன. தண்ணீரை மாற்றும்போது குழாயிலே காற்று தங்கிவிட்டால், எஞ்சின் கொதிக்கும். நம் நாட்டு வெயிலில் இதனைச் சிறு பிழையெனக் கருதலாகாது. இதன் உடல் உருக்கினாலானது. சில்லு வளைவுகளின் ஓரத்திலும் கதவின் கீழ்ப்புறத்திலும் துரு ஒளிந்திருந்து தின்னும். உப்பளங்களும் இருபுறமும் கடலும் உள்ள மன்னாரிலே, உப்புக் காற்றுக்கு ஒரு துளை கிடைத்தாற் போதும்.

என்.எஸ்.எக்ஸ். காரின் அலுமினிய உடல் உருக்கைப் போலச் செந்துரு ஏறாது. இது பெரிய நன்மை. ஆனால் அலுமினியமும் உருக்கும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்திலே உப்பு நீர் சேர்ந்தால், மின்கலத்தில் நிகழ்வது போன்ற இரசாயன மாற்றம் நிகழ்ந்து, அலுமினியம் மெல்லக் கரையும். மேலும், அடிபட்ட அலுமினிய உடலை நேர்செய்ய எல்லாக் கொல்லனாலும் இயலாது. கொரோலாவின் உறவான எம்.ஆர். 2 எஞ்சினைப் புரிந்துகொள்ளும் மெக்கானிக் சிற்றூரிலும் அகப்படுவார். மற்றையதற்குத் தனித் தேர்ச்சி வேண்டும். ஹொண்டா நிறுவனமே யப்பானில் 1993 ஆம் ஆண்டு முதல் இக்கார்களைப் புதுப்பித்துக் கொடுக்கும் பணியைத் தொடங்கியது என்றால், அவற்றின் பேணல் எத்தகையது என்பதை உணரலாம்.

இலங்கையிலே 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. எனினும் பழைய வாகனங்களுக்கு வயதெல்லை உண்டு. ஆகவே முப்பது, நாற்பது ஆண்டு கண்ட இத்தகைய கார்களைக் கொண்டுவருவது எளிதன்று. முன்னரே வந்தவற்றைப் பேணுவதே வழி. பழைய பொருளைப் பேணுபவன் அதன் உடைமையாளன் என்பதிலும் அதன் காவலன் என்பதே பொருந்தும்.

இவ்விரண்டிலும் எது சிறந்தது? விலையும் வலுவும் கொண்டு தீர்ப்புச் சொன்னால் என்.எஸ்.எக்ஸ். வெல்லும். அறிவுக்குத் தரும் பயன் கொண்டு தீர்ப்புச் சொன்னால் எம்.ஆர். 2 பின்தங்காது. ஊரறிந்த எளிய எஞ்சினை, இருக்கவேண்டிய இடத்திலே வைத்தால் எவ்வளவு சாதிக்கலாம் என்று காட்டியது அது. நுட்பத்தை எல்லை வரை கொண்டு சென்றபின்னும், குறை கேட்கும் பணிவு வேண்டும் என்று காட்டியது மற்றையது.

இரண்டும் ஓட்டுபவனிடம் கேட்பது ஒன்றையே. சொன்ன சொல்லை உடனே கேட்கும் வண்டிக்கு, பிழையான சொல்லைச் சொல்லாத ஓட்டுநர் வேண்டும். இத்தகைய காரை வாங்க விரும்பும் இளைஞர்கள் அதன் வேகத்தை விசாரிப்பதற்கு முன்பு, வளைவிலே தங்கள் கால் பதறாமல் இருக்குமா என்று தங்களையே விசாரித்துக்கொள்வார்களாக. பேசாலையை நோக்கிச் செல்லும் வீதியிலே அந்தி மயங்கும் நேரத்தில் நிற்கும் கழுதைக்கு, வருகின்ற காரின் பெயரும் தெரியாது, விலையும் தெரியாது. அதன் உயிரும், காரினுள் இருப்பவரின் உயிரும், எஞ்சினின் பாரம் நடுவில் இருப்பதனால் மட்டும் தப்பிவிடா. ஓட்டுபவனின் மனமும் நடுவில் நிற்கவேண்டும்.