தந்தையின் வருமானமும் பிள்ளையின் கல்வியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் தமிழின் தொன்மையைப் பற்றியும் தமிழர் பெருமையைப் பற்றியும் பேசுவது மரபு. அவற்றை நம்மினும் நயம்பட உரைக்க வல்ல அறிஞர்கள் இன்று வந்திருக்கின்றனர். ஆதலின் நாம் வீட்டுக்குள் கிடக்கும் ஒரு பொருளை எடுத்துக்கொண்டோம். கல்லூரிப் படிப்புக்குப் பண உதவி வேண்டி விண்ணப்பிக்கும் பிள்ளைக்குத் தன் தந்தையின் வருமானம் இன்னதென்று தெரிய வேண்டியிருக்கிறது. தந்தையோ அதனைச் சொல்ல மறுக்கிறார். இதுவே நாம் பேசவிருக்கும் பொருள். கேட்பதற்குச் சற்றுக் கசப்பாக இருக்கலாம், பொறுத்தருள வேண்டுகிறோம்.

நாம் வாழும் இத்திருப்பூணித்துறை கல்விக்குப் பேர்போன ஊர். கொச்சி அரச குடும்பத்தார் இங்கே வாழ்ந்த காலத்திலேயே வடமொழிக் கல்லூரி எழுந்தது. இசைக்கும் ஓவியத்துக்கும் ஆர்.எல்.வி. கல்லூரி இருக்கிறது. எர்ணாகுளத்து மகாராஜா கல்லூரி 1875-ஆம் ஆண்டு முதல் கல்லூரியாக விளங்குகிறது. 2024 மார்ச்சில் மெட்ரோ ரயில் நம் ஊர் வரையில் வந்து சேர்ந்த பின்னர், அக்கல்லூரியின் பெயர் தாங்கிய நிலையத்திலேயே பிள்ளைகள் இறங்கிக்கொள்ளலாம். வழி இவ்வளவு குறுகிவிட்டது. ஆயினும் நம் பிள்ளைகளில் சிலருக்குக் கல்லூரி இன்னும் தொலைவில்தான் இருக்கிறது. இடையில் நிற்பது ஒரு தாள்.

அத்தாளுக்கு வருமானச் சான்றிதழ் என்று பெயர். நடமா வில்லேஜ் ஆபீசில் விண்ணப்பம் போகவேண்டும். அக்ஷயா மையத்தில் அமர்ந்தே அதனை அனுப்பிவிடலாம். ரேஷன் கார்டு, ஆதார், சம்பளக்காரராயின் சம்பளச் சான்று, நிலம் இருப்பின் கரம் கட்டிய ரசீது என்று சில்லறைக் காகிதங்கள் வேண்டும். இவை யாவும் எங்கே இருக்கின்றன? அப்பாவின் பீரோவில் இருக்கின்றன. சாவி அப்பாவின் இடுப்பில் இருக்கிறது.

சான்றிதழ் இல்லாமல் எது நடக்கும் என்று கேட்கலாம். ஏறத்தாழ எதுவும் நடக்காது. மத்திய அரசின் கல்லூரி மாணவர் உதவித்தொகைத் திட்டம் ஒன்று உண்டு. பன்னிரண்டாம் வகுப்பில் தத்தம் தேர்வு வாரியத்தில் நூற்றுக்கு எண்பது பேரை முந்தியவர்களுக்கு, பட்டப் படிப்பின் முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 12,000 ரூபாயும் மேற்படிப்புக்கு 20,000 ரூபாயும் அது தருகிறது. ஆனால் குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் என்று காட்டியாக வேண்டும். பிற்படுத்தப்பட்டோர்க்கும் பட்டியல் சாதியினர்க்கும் உரிய மத்திய உதவித்தொகைகளுக்கு எல்லை 2.5 லட்சம். இத்திட்டங்களின் படிவங்களில் ‘பெற்றோர் தர மறுத்தனர்’ என்று எழுதக் கட்டம் கிடையாது. மதிப்பெண் பிள்ளையுடையது, மௌனம் தந்தையுடையது, விண்ணப்பத்தைத் தள்ளுவதோ கணினி.

வருமானத்தைப் பாராமல் திறமையை மட்டும் பார்த்த உதவியும் ஒருகாலத்தில் இருந்தது. 1963-இல் தொடங்கிய தேசியத் திறனறித் தேர்வு அத்தகையது. அது 2021-க்குப் பின் நிறுத்தி வைக்கப்பட்டது. நம் தாயகமாம் தமிழ்நாட்டில் 2022-இல் வந்த புதுமைப்பெண் திட்டமும் 2024-இல் வந்த தமிழ்ப் புதல்வன் திட்டமும் தந்தையின் சம்பளத்தைக் கேளாமலே மாதம் 1,000 ரூபாய் தருகின்றன. ஆயினும் அவை அம்மாநிலத்துப் பள்ளிகளில் பயின்றோர்க்கு உரியவை. இங்கே பயின்ற நம் பிள்ளைகள் அவற்றைச் செய்தித்தாளில் படித்துப் பெருமைப்படலாம், பெற இயலாது.

தந்தையர் ஏன் மறைக்கின்றனர்? அவர்களைக் கொடியவர் என்று நாம் கூறமாட்டோம். ஒருவர் ஊரை விட்டு வந்து நாற்பது ஆண்டுகள் உழைத்தும் கையில் நிற்பது சொற்பம் என்பதைப் பெற்ற பிள்ளைக்குக் காட்ட நாணுகிறார். ஒருவர் சிட்டி பிடித்த கடனையும் நகை அடகு வைத்ததையும் மனைவிக்கே சொல்லவில்லை. பிள்ளைக்கு எவ்வாறு சொல்வார்? கல்யாணச் சமையல் செய்பவருக்கும் நகைத் தொழிலாளிக்கும் மாத வருமானம் என்று ஒன்று இருந்தாலல்லவா சொல்வதற்கு? ‘சொன்னால் வரிக்காரன் வருவான்’ என்று அஞ்சுவோரும் உளர். இவர்கள் எல்லாரிலும் வேறான ஒருவர், ‘என் பணத்தைப் பற்றிக் கேட்க நீ யார்?’ என்கிறார். அவருக்கு மட்டும் சற்றுக் கடுமையாகவே விடை கூறலாம். கேட்பது பிள்ளை அன்று, ஐயா. கேட்பது அரசு. பிள்ளை அதன் கேள்வியைச் சுமந்து வந்து உமக்குமுன் நிற்கும் அஞ்சற்காரன்.

இன்னும் ஒரு வகை அச்சம் அறியாமையால் வருவது. மூத்த மகன் வளைகுடா நாட்டிலிருந்து அனுப்பும் பணத்தையும் காட்டவேண்டி வரும், எல்லை தாண்டிவிடும் என்றெண்ணிச் சிலர் விண்ணப்பமே வேண்டாம் என்கின்றனர். மேலே கூறிய பட்டியல் சாதியினர்க்கும் பிற்படுத்தப்பட்டோர்க்கும் உரிய மத்திய உதவித்தொகை விதி வேறு விதமாகக் கூறுகிறது. தாய் தந்தையருள் ஒருவரேனும் உயிரோடிருக்கும் வரையில் அவ்விருவரின் வருமானமே கணக்கு. சம்பாதிக்கும் அண்ணனின் வருமானம் கணக்கில் இல்லை. திட்டத்துக்குத் திட்டம் விதி மாறும் என்பது உண்மையே. அதனால்தான் எந்தத் திட்டம் எதனைக் கேட்கிறது என்று படித்துப் பார்க்காமல் வாயை மூடிக்கொள்வது தவறாகிறது.

நம்மைப்போல் குடிபெயர்ந்தோர்க்கு உரிய சிக்கல் ஒன்றைச் சற்று விரித்துரைக்க வேண்டும். பொருளாதாரத்தில் நலிந்த பொதுப்பிரிவினர்க்கு 2019-இல் அரசியலமைப்பின் 103-ஆவது திருத்தத்தால் வந்த இட ஒதுக்கீட்டை நம் காலனிக் குடும்பங்கள் சில நாடுகின்றன. மத்திய அரசின் நிறுவனங்களுக்கு எல்லை 8 லட்சம். கேரள அரசின் எல்லை 4 லட்சம். ஆனால் மத்தியச் சான்று வருமானத்தோடு நில்லாது. ஐந்து ஏக்கர் விளைநிலம், ஆயிரம் சதுர அடி வீடு, நகராட்சி எல்லைக்குள் நூறு சதுர கஜ மனை ஆகிய இவற்றுள் ஒன்று இருந்தாலும் தகுதி போய்விடும். வெவ்வேறு ஊர்களில் உள்ள சொத்துக்கள் ஒன்றாகச் சேர்த்தே எண்ணப்படும். ஆகவே தஞ்சைப் பக்கத்திலோ திருநெல்வேலிப் பக்கத்திலோ சகோதரரோடு பங்கு பிரியாமல் கிடக்கும் பூர்வீக வீட்டைப் பற்றி, ‘அதெல்லாம் உனக்கெதற்கு?’ என்று தந்தை மகனிடம் சொல்லிவிடலாம். தாசில்தாரிடம் சொல்ல இயலாது.

பட்டியல் சாதிக் குடும்பங்களுக்கோ பூர்வீகத் தாள் இன்னும் இன்றியமையாதது. ஒரு மாநிலத்தின் பட்டியலில் இருப்பவர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அங்கே அவ்வுரிமையைக் கோர இயலாது என்று உச்ச நீதிமன்றம் 1990-இல் தீர்ப்பளித்தது. உதவி பூர்வீக மாநிலத்திலிருந்தே வரவேண்டும். குடியேறிய இடத்து அதிகாரி பிள்ளைக்குச் சான்று தரலாம். ஆனால் அதற்குத் தந்தை தம் ஊரில் பெற்ற சான்று வேண்டும். பிறந்த ஊரின் பெயரையும் சாதியின் பெயரையும் பிள்ளைகளிடம் மறைத்து, அவமதிப்பின்றி அவர்களை வளர்க்க விரும்பிய தந்தையர் சிலர் உளர். அவர்கள் பட்ட புண் எத்தகையது என்பதை நாம் உணர்கிறோம். அந்த அன்பே அவர்களுடைய பிள்ளைகளின் உதவித்தொகையைத் தடுத்துவிடுகிறது என்பதுதான் வேதனை.

மறைப்பதற்கு அடுத்தபடி பொய் சொல்லுதல். ‘ஏதேனும் ஒரு தொகையைப் போட்டுக்கொள்’ என்று பிள்ளையிடம் கூறிவிட்டுச் செய்தித்தாளில் முகத்தை மறைத்துக்கொள்ளும் தந்தையர் கவனிக்க வேண்டும். பொய்யுரையால் பெற்ற உதவித்தொகை உடனே ரத்தாகும். கொடுத்த பணம் திரும்ப வாங்கப்படும். மாணவர் பெயர் கரும்பட்டியலில் ஏறி வேறு எந்த உதவித்தொகையும் பெற இயலாதபடி ஆகும் என்று மத்திய விதிகள் கூறுகின்றன. சொன்னவர் தந்தை; தண்டனை பெறுபவர் பிள்ளை.

வங்கிக் கடன் வாங்கிப் படிக்கட்டுமே என்பர். வங்கியும் பெற்றோரையே கூட்டுக் கடனாளியாக அழைக்கிறது. 7.5 லட்சம் வரையிலான கல்விக் கடனுக்குச் சொத்துப் பிணை வேண்டாதபடி அரசின் உத்தரவாத நிதி 2015 முதல் இருக்கிறது. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பி.எம். வித்யாலட்சுமி திட்டம், தேர்ந்தெடுத்த உயர்கல்வி நிறுவனங்களில் இடம் பெற்றோர்க்குப் பிணையும் ஜாமீனும் இன்றிக் கடன் தருகிறது. ஆனால் 10 லட்சம் வரையிலான கடனுக்கு நூற்றுக்கு மூன்று வட்டிச் சலுகை வேண்டுமாயின், குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் என்ற சான்று அங்கும் வேண்டும். சுற்றி வந்தாலும் அதே பீரோ, அதே சாவி.

பிற நாடுகளில் இதற்கு என்ன செய்கின்றனர் என்று நோக்கினோம். அமெரிக்காவில் இருபத்துநான்கு வயது நிரம்பாத மாணவர் பெரும்பாலும் பெற்றோரைச் சார்ந்தவராகவே கொள்ளப்படுகிறார். பெற்றோர் விவரம் தர மறுத்தார் என்பது மட்டும் அவரைத் தனியராகக் கருதப் போதிய காரணம் ஆகாது. அத்தகையவர்க்கு அரசின் மானியம் இல்லை. வட்டிச் சலுகை இல்லாத கடன், முதலாண்டில் 5,500 டாலர் வரை, கல்லூரி இசைந்தால் கிடைக்கும். இங்கிலாந்தில் குடும்ப வருமானத்தைக் காட்டாதவர்க்குக் குறைந்த அளவுக் கடனாவது உண்டு. பெற்றோரோடு உறவே அற்றுப்போன இளைஞரைத் தனியராக ஏற்கும் வழியும் உண்டு. செல்வ நாடுகளிலும் இச்சிக்கல் இருக்கிறது என்பதில் ஆறுதல் ஒன்றுமில்லை. ஆனால் அமெரிக்கர் 2024–25 படிவத்தில் செய்த ஒரு மாற்றம் எண்ணத்தக்கது. தாயோ தந்தையோ தம் சொந்தக் கணக்கில் நுழைந்து இசைவு தருகிறார். வரி விவரம் வரித்துறையிலிருந்து நேரே போய்ச் சேருகிறது. அது பிள்ளையின் கண்ணுக்குத் தெரிவதில்லை. கூச்சமும் காக்கப்படுகிறது, காரியமும் நடக்கிறது.

நம் நாட்டுச் சான்றிதழில் தொகை அச்சாகியே வருகிறது. ஆயினும் கூச்சமுள்ள தந்தை தாமே அக்ஷயா மையத்துக்குச் சென்று விண்ணப்பிக்கலாம். வங்கி மேலாளரிடம் தாமே சென்று காகிதங்களை ஒப்படைக்கலாம். ‘நீ கேட்காதே, நான் முடித்துத் தருகிறேன்’ என்று சொல்வதற்கும் ‘நீ கேட்காதே’ என்று மட்டும் சொல்வதற்கும் இடையே ஒரு பிள்ளையின் மூன்றாண்டுப் படிப்பு கிடக்கிறது.

தந்தை பிரிந்து சென்ற வீடுகளைப் பற்றியும் ஒரு சொல். அங்கே தாயின் நிலை மிகக் கடினம். கணவர் எங்கே பணி செய்கிறார், எவ்வளவு பெறுகிறார் என்பது அவளுக்கே தெரியாது. அத்தகையோர்க்குச் சட்டம் முற்றிலும் கைவிரிக்கவில்லை. ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பாரும் தத்தம் வருமானம், சொத்து, கடன் ஆகியவற்றைப் பிரமாணப் பத்திரத்தில் வெளியிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 நவம்பரில், ரஜ்னேஷ் – நேஹா வழக்கில் நெறி வகுத்தது. பெற்றோர் தம் ஆற்றலுக்கு உட்பட்ட அளவில் கல்விச் செலவைத் தரவேண்டும் என்று கோரும் உரிமை மகளுக்கு உண்டு, அது சட்டத்தால் நிறைவேற்றத்தக்கது என்று அந்நீதிமன்றமே 2025 ஜனவரியில் கூறியது. வழக்குக்குப் போங்கள் என்று நாம் தூண்டவில்லை. பெற்ற தந்தையின்மீது வழக்காடி எந்தப் பெண்ணும் மகிழ்வோடு கல்லூரிக்குப் போவதில்லை. ஆயினும் வழக்கு முன்பே நடந்திருந்தால் அத்தீர்ப்பின் நகலையும் பிரமாணப் பத்திரத்தின் நகலையும் தாய்மார்கள் பத்திரமாக வைத்திருத்தல் வேண்டும். வில்லேஜ் ஆபீசில் வெறும் கண்ணீரைவிட அவை மதிக்கப்படும்.

இளைஞர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறோம். விண்ணப்பத்தின் கடைசி நாளன்று இரவு பத்து மணிக்கு, களைத்து வந்து அமர்ந்த தந்தையிடம் போய் ‘உங்கள் வருமானம் என்ன?’ என்று கேட்காதீர்கள். அதற்கு எந்தத் தந்தையும் நல்ல விடை தரமாட்டார். பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும்போதே படிவத்தை அச்சிட்டு அவர் கையில் கொடுங்கள். கேட்பது யார், எதற்காக, எங்கே போகும் என்பதை அவரே படித்தறியட்டும். அப்பாவிடம் பேச நா எழாவிட்டால் மாமாவையோ பெரியப்பாவையோ துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள். நம் குடும்பங்களில் பெரியவர்கள் இருப்பது எதற்காக?

நம் சங்கத்தில் வருவாய்த் துறையிலும் வங்கியிலும் பணி புரிந்து ஓய்வு பெற்றோர் இருக்கின்றனர். வரும் கோடை விடுமுறையில் ஞாயிறுதோறும் மாலையில் அவர்கள் நம் படிப்பகத்தில் அமர்ந்திருக்க இசைந்துள்ளனர். பெற்றோர் பிள்ளைகளை அழைத்து வராமல் தனியே வரலாம்; கொண்டு வரும் காகிதங்களைத் தாமே கையில் வைத்துக்கொள்ளலாம்; எந்தத் தொகையும் சங்கத்தின் எந்த ஏட்டிலும் எழுதப்படமாட்டாது. ரேஷன் கார்டு, ஆதார், சம்பளச் சீட்டு அல்லது தொழில் கணக்கு, கர ரசீது, பூர்வீக ஊரின் சாதிச் சான்று ஆகியவற்றை ஓர் உறையில் இட்டுக் கொண்டு வந்தால் போதும். மூக்குக் கண்ணாடியை மறவாமல் எடுத்து வாருங்கள். படிவத்தின் எழுத்துக்கள் மிகச் சிறியவை.