முதுமையும் நடையும்

(தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் கூடிய கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)

மேட்டிலும் பள்ளத்திலும், விடியுமுன் நெற்றி விளக்கின் ஒளியிலும், மரத்துக்கு மரம் நடப்பது பால்வெட்டுத் தொழிலில் பாதி வேலையாகும். ஆகவே நடையைப் பற்றி உங்களிடம் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதைப் போன்றதே. ஆயினும் வயது ஏறும்போது நடையில் நேரும் ஒரு மாற்றத்தை நம்மிற் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. முதியவர் மெதுவாக நடப்பதை எல்லாரும் காண்கிறோம். அவருடைய அடிகள் ஒன்றுபோல் விழாமற் போவதைக் காண்பவர் சிலரே.

நல்ல உடல்நலமுடைய ஒருவர் வலக்காலை ஊன்றி, மீண்டும் அதே காலை ஊன்றுவதற்கு ஏறத்தாழ ஒரு விநாடி ஆகிறது. அடுத்த முறையும் அவ்வளவே. வேறுபாடு பெரும்பாலும் நூற்றில் இரண்டு மூன்று பங்கைத் தாண்டுவதில்லை. கால் தசைகள் தளரும்போதும், நீரிழிவினால் உள்ளங்காலின் உணர்ச்சி மங்கும்போதும், கண்பார்வை குறையும்போதும் இவ்வொழுங்கு கலைகிறது. ஓர் அடி நீளும். மறு அடி குறுகும். தூக்க மாத்திரை போன்ற சில மருந்துகளும் இதற்குக் காரணமாகலாம்.

இது சிறு செய்தியன்று. அமெரிக்காவில் முதியோர் 52 பேரின் நடையை அளந்து, பின்னர் அவர்களை ஓராண்டுக் காலம் கவனித்து வந்தனர். 2001ஆம் ஆண்டில் வெளிவந்த அவ்வாய்வின்படி, அவ்வோராண்டில் விழுந்தவர்களின் அடிகள் தொடக்கத்திலேயே மிகவும் ஒழுங்கற்று இருந்தன. விழுவதற்கு முன்னரே நடை எச்சரித்துவிட்டது என்பதே இதன் பொருள்.

அவ்வெச்சரிக்கையை அறியக் கருவி வேண்டுமா? வேண்டுவதில்லை. சுவீடனில் முதியோர் இல்லங்களில் வாழ்ந்த 58 பேருடன் நடந்துகொண்டே பேச்சுக் கொடுத்தனர். பேச வேண்டியவுடன் 12 பேர் நடையை நிறுத்திவிட்டனர். அந்தப் பன்னிருவருள் 10 பேர் ஆறு மாதத்திற்குள் விழுந்தனர் என்று 1997இல் அறிவித்தனர். நடப்பதற்கே முழுக் கவனமும் தேவைப்படுகின்ற நிலை அது. உங்கள் தாத்தாவும் பாட்டியும் கடைக்குச் செல்லும்போது உடன் நடந்து பேசிப் பாருங்கள். பின்னால் நின்று செருப்போசையையும் கேளுங்கள். ஓசை ஒரு சீராக இல்லையேல், மருந்தகத்திற்கு அழைத்துச் சென்று கண், கால், மருந்துகள் ஆகிய மூன்றையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

இனி, நம் குடும்பங்களில் நடப்பது என்ன? ஒருமுறை தடுமாறினால் போதும், "அம்மா, நீங்கள் இனிமேல் எழுந்திருக்க வேண்டா" என்று அன்பினால் உட்கார வைத்துவிடுகிறோம். உட்கார்ந்த கால் மேலும் மெலிகிறது. அடுத்த தடுமாற்றம் விரைவிலேயே வருகிறது. இந்த அன்பை நாம் ஏற்பதற்கில்லை.

பெரிய மறுவாழ்வு நிலையங்களில் மற்றொரு வழியைக் கையாளுகின்றனர். நோயாளிக்கு வார்க்கச்சை பூட்டி, மேலேயுள்ள சட்டத்தில் இணைத்து, உடல் எடையில் ஒரு பகுதியைக் கருவி தாங்க, ஓடும் பட்டையின்மேல் நடக்கச் செய்வர். 60 கிலோ எடையுள்ளவருக்கு 18 கிலோவைக் கருவி தாங்கினால், கால்கள் தாங்குவது 42 கிலோ. அவர் தேறத் தேற அத்தாங்குதலைக் குறைத்துக்கொண்டே வருவர். எடை முழுவதையும் தூக்கிவிட்டால் காலுக்குத் தரை தெரியாது. காண்டா வாளி சுமந்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

அக்கருவி நமக்கு எங்கே கிடைக்கும் என்று ஏங்க வேண்டா. அமெரிக்காவில் பக்கவாதத்தால் தாக்குண்ட 408 பேரிடையே ஓர் ஆய்வு நடந்தது. ஒரு சாரார் அக்கருவியில் பயின்றனர். மற்றொரு சாரார், உடற்பயிற்சி மருத்துவர் வீட்டிற்கு வந்து கற்பித்த வலுப்பயிற்சியும் சமநிலைப் பயிற்சியும் செய்தனர். ஓராண்டு முடிவில் இரு சாராரும் ஏறக்குறைய ஒரே அளவில் தேறியிருந்தனர் என்பது 2011இல் வெளியான முடிவு. நாற்காலியிலிருந்து எழுந்து அமர்வதும், மேசையைப் பற்றிக்கொண்டு குதிகாலை உயர்த்துவதும் லயத்து வீட்டிலேயே செய்யக்கூடியவை. முதல் தடவை மட்டும் மருத்துவ ஊழியரிடம் முறையைக் கேட்டறிந்து, பிடித்துக்கொள்ள ஓர் ஆள் அருகிலிருக்கத் தொடங்குங்கள்.

எடையில் ஒரு பகுதியைத் தாங்கும் எளிய கருவியும் ஒன்றுண்டு: கைத்தடி. வலக்கால் முட்டி வலித்தால் தடியை இடக்கையில் பிடிக்க வேண்டும். பலர் வலிக்கும் பக்கத்திலேயே பிடிக்கின்றனர்; அது பயன் குறைந்தது. கையைத் தளரத் தொங்கவிட்டால் மணிக்கட்டு எங்கே வருகிறதோ, அதுவே கைப்பிடியின் உயரம். குடையைத் தடியாக ஊன்றுவோர் நம் தோட்டங்களில் மிகுதி. அதன் முனை ஈரச் சிமெண்டில் வழுக்கிவிடும். தடியின் அடியில் ரப்பர்க் குமிழ் இருத்தல் வேண்டும். தேய்ந்து வழவழப்பானால் மாற்றிவிட வேண்டும். நாம் வெட்டிய பாலில் செய்ததாகவும் அது இருக்கலாம்!

ஒன்றை மட்டும் பிரித்து அறிந்துகொள்ளுங்கள். இதுவரை சொன்னவை மெல்ல மெல்ல வருபவை. நேற்றுவரை நன்றாக நடந்தவர் இன்று திடீரென ஒரு காலை இழுத்தாலும், வாய் கோணினாலும், பேச்சுக் குழறினாலும் அது முதுமையின் நடையன்று; பக்கவாதமாக இருக்கலாம். எண்ணெய் தேய்த்துப் பார்ப்போம், காலை வரை பொறுப்போம் என்று இராமல், அந்த நிமிடமே 999ஐ அழையுங்கள்.