நம்மவர் என்பவர் யார்?



நினைவுச் சொற்பொழிவு என்றால் மறைந்தவரைப் புகழ்ந்துவிட்டு இறங்கிவிடலாம். இந்த மேடையில் அந்த வழக்கம் இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

ரயிலில் உடன் வந்த ஒரு பேராசிரியர் என்னிடம் கேட்டார்: "காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. தன் ஆளைத் தாங்குவது உயிரின் இயல்பு. சாதியும் அப்படித்தானே? நீங்களும் சங்கம் வைத்திருக்கிறீர்களே?" அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. இன்று நிதானமாகப் பதில் சொல்லிப் பார்க்கிறேன்.

காக்கையின் கணக்கு பொய்யில்லை. 1964-இல் வில்லியம் ஹாமில்டன் அதைச் சமன்பாடாகவே எழுதினார். உடன்பிறந்தவரோடு மரபணுவில் பாதி பொது. சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகளோடு எட்டில் ஒரு பங்கு. உறவு தள்ளிப்போகப் போக அதுவும் தேய்ந்துவிடும். முகமே தெரியாத பல லட்சம் பேருக்கு இந்தக் கணக்கை நீட்ட முடியாது. 1916-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கட்டுரை வாசித்தபோது அம்பேத்கருக்கு வயது 25. சாதியின் உயிர் அகமணத்தில் இருக்கிறது என்றார். உடன்கட்டை, கட்டாய விதவைக்கோலம், குழந்தைத் திருமணம் எல்லாம் அந்த அகமணத்துக்குப் போட்ட காவல் என்று காட்டினார். இயல்பாக நடப்பதற்கு எதற்கு இத்தனை காவல்? 2016-இல் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் எதற்கு அரிவாள்?

குழந்தைகளிடமும் ஆய்வு செய்திருக்கிறார்கள். பிறந்த சில நாட்களில் சிசு எந்த இனத்து முகத்தையும் ஒன்றுபோலவே பார்க்கிறது. மூன்று மாதத்தில் தன்னைச் சுற்றியிருக்கும் இனத்தின் முகத்தைக் கூடுதல் நேரம் பார்க்கிறது. இஸ்ரேலில் வெள்ளையர் நடுவில் வளர்ந்த எத்தியோப்பியக் குழந்தைகளிடம் அந்தச் சாய்வு காணப்படவில்லை. பழகிய முகத்தை நாடுவது உடம்பில் இருக்கிறது. யார் முகம் பழகும் என்பதைத் தெருதான் தீர்மானிக்கிறது. சாதிக்கோ முகம்கூடக் கிடையாது. அதனால்தான் "தம்பிக்கு எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம்?" என்று கேட்க வேண்டியிருக்கிறது.

இன்னொருவரைச் சொல்ல வேண்டும். ஹென்றி தாஜ்ஃபெல், போலந்து யூதர். பிரெஞ்சுப் படையில் சேர்ந்து ஜெர்மானியரிடம் போர்க்கைதியானார். திரும்பி வந்தபோது குடும்பத்தில் ஏறக்குறைய எவரும் உயிரோடு இல்லை. அவர் 1970-இல் ஒரு சோதனையை வெளியிட்டார். பிரிஸ்டல் பள்ளிச் சிறுவர்களிடம் சில ஓவியங்களைக் காட்டி, "நீ க்ளே அணி, நீ கண்டின்ஸ்கி அணி" என்று பிரித்தார். உண்மையில் குருட்டாம்போக்கில் பிரித்ததுதான். பிறகு, யாரென்றே தெரியாத மற்றவர்களுக்குக் காசு பங்கிடச் சொன்னார். தனக்கென்று எடுத்துக்கொள்ள முடியாது. அப்போதும் பையன்கள் தன் அணிக்கே சாய்ந்தார்கள். அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. தன் அணிக்கு அதிகம் கிடைக்கும் வழியைப் பலர் விட்டுவிட்டார்கள். கொஞ்சம் குறைந்தாலும் எதிரணியைவிட மேலே இருக்கும் வழியே அவர்களுக்குப் பிடித்தது.

இதைப் படித்தபோது எனக்குப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் நினைவுக்கு வந்தன. மதுரை மாவட்டத்து ஊராட்சிகள். 1996-இல் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. தேர்தலே நடக்காது, நடந்தால் வென்றவர் உடனே ராஜினாமா செய்ய வேண்டும். 2006 வரை இதே கதை. தலைவர் இல்லாத ஊராட்சியால் ஊருக்கே நட்டம். பரவாயில்லை, அந்த நாற்காலியில் அவன் உட்காரக் கூடாது. ஆனால் பிரிஸ்டல் பையன்களின் அணி அறையை விட்டு வெளியே வந்ததும் கலைந்துவிட்டது. இங்கே அணிக்கு நிலம் இருக்கிறது, கோயில் இருக்கிறது, பெண்ணின் கழுத்தில் தாலி இருக்கிறது. பேராசிரியர் ஐயா, அந்த நாற்காலியில் உட்காரும் உரிமையைக் கேட்பதும் ஒரு சங்கம்தான், உட்காரவிடாததும் ஒரு சங்கம்தான். இரண்டையும் ஒரே காக்கைக்கதையில் அடைக்காதீர்கள்.

இதோடு முடித்தால் எனக்குச் சௌகரியம். ஆனால் அருந்ததியருக்கு 2009-இல் மூன்று சதவீத உள்ஒதுக்கீடு வந்தபோது, நம்மிடையே எழுந்த முணுமுணுப்பை நான் கேட்டிருக்கிறேன். போன வருடம் ஒரு தோழர் மகனுக்குப் பெண் தேடினார். முப்பது ஆண்டு இயக்கத்துக்காரர். "தலித்தாக இருந்தால் போதும்" என்றார். நான் ஒரு நல்ல இடத்தைச் சொன்னேன். "அவங்க நம்ம ஆளுங்க இல்லையே" என்று தயங்கினார். நான் பேச்சை மாற்றி டீ சொன்னேன்.