வீட்டிலே கிடைத்த நலம்



கூடலூரில் நான் ஆசிரியனாக இருந்த காலத்தில், மாணவன் ஒருவனின் தந்தைக்குக் காசநோய் கண்டது. ஏலத் தோட்டத்திற்குக் கூலிக்குச் செல்பவர் அவர். மாதக்கணக்கில் மருத்துவமனையில் தங்கினால் வீட்டில் அடுப்பு எரியாது. எனினும், வீட்டிலிருந்தே மருந்துண்டு அவர் நலமடைந்தார். இதற்கு வழி திறந்தது எது?

ஓய்வும், நல்லுணவும், தூய காற்றும் வாய்ந்த சானடோரியமே காசநோயாளர்க்கு உரிய இடம் என்று முன்னர் மருத்துவ உலகம் நம்பியது. நம் நாட்டிலோ நோயாளர் மிகப் பலர். படுக்கைகள் மிகச் சில.

1956-ஆம் ஆண்டு சென்னையில் காசநோய் மருந்தாய்வு நிலையம் தோன்றிற்று. டாக்டர் வாலஸ் பாக்ஸ் முதலியோர், 200-க்குச் சற்றுக் குறைந்த ஏழை நோயாளரை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் வீட்டில். மறு பிரிவினர் சானடோரியத்தில். மருத்துவர் தம் விருப்பப்படி பிரித்தால், நோய் முற்றியவர் ஒரு பக்கமே சேர்ந்துவிடலாம், ஒப்பீடு பொய்த்துவிடும். ஆகவே, திருவுளச் சீட்டுப் போன்ற முறையால் பிரித்தனர். இரு சாராருக்கும் ஒரே மருந்துகள் ஓராண்டுக் காலம் அளிக்கப்பட்டன.

1959-இல் முடிவு வெளிவந்தது. நெருக்கடியான வீட்டில், எளிய உணவுண்டு வாழ்ந்தவரும் ஏறக்குறைய மற்றவரைப் போலவே குணமடைந்திருந்தனர். அவருடன் வாழ்ந்த குடும்பத்தாருக்கும் அதனால் நோய் மிகவில்லை என்பது தொடர்ந்த ஆய்வில் தெளிந்தது. நலம் தந்தது இடமன்று. இடைவிடாது உண்ட மருந்தே.

நெடுநாள் நம்பிக்கையையும் சோதித்துப் பார்ப்பதே அறிவியல். அச்சோதனைக்கு உட்பட்ட சென்னை ஏழை மக்களுக்கு, நம் கூடலூர்த் தொழிலாளியும் கடன்பட்டவரே.