இறுகினால் நில், தொய்ந்தால் நட



தேரூர்ப் பக்கத்திலிருந்து ஓர் அம்மையார் கேட்டிருக்கிறார். விடியற்காலையில் குளத்தங்கரைக்கு நாயை நடத்திச் செல்லலாமென்று புறப்பட்டால் நாய்தான் தம்மை இழுத்துச் செல்கிறதென்றும், கொக்கைக் கண்ட மாத்திரத்தில் அது பாய்ந்த பாய்ச்சலில் சென்ற மாதம் வரப்பிலிருந்து விழுந்து மணிக்கட்டு பிசகிவிட்டதென்றும் சொல்லி, இந்தப் பிராணியைத் திருத்த வழியுண்டா என்று வினவுகிறார். உண்டு, அம்மா. ஆனால் திருத்தத்தை நம்மிடமிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

கன்னிப்பூ, கும்பப்பூ என்னும் இரு போக நெல்லும் மாட்டேரை நம்பியே விளைந்த காலத்தை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். இளங்காளையை ஏருக்குப் பழக்குகிறவர், பிடரியில் நுகம் அழுந்தினால் முன்னே அடியெடுத்து வைக்க வேண்டுமென்றே அதற்குக் கற்பிக்கிறார்; பழகப் பழக அழுத்தமே காளைக்கு நடையின் கட்டளையாகிவிடுகிறது. நாயின் கழுத்தில் பட்டையை மாட்டி, அது இழுக்கிற திசையெல்லாம் நாம் பின்னால் ஓடும்போது, நம்மையறியாமலே அதே சிட்சையைத்தான் அளிக்கிறோம்: கழுத்து இறுகிற்று, இழுத்தது, மோந்து பார்க்க விரும்பிய மரத்தடி வந்து சேர்ந்தது. 1898-ஆம் ஆண்டில் தார்ண்டைக் என்னும் அமெரிக்க உளநூலறிஞர், பெட்டிக்குள் அடைத்த பூனைகள் தாழை நீக்கி வெளிவரக் கற்கும் விதத்தை ஆராய்ந்து, திருப்தியான பலனைத் தரும் செய்கையே மீண்டும் மீண்டும் நிகழும் என்று காட்டினார். நாயின் இழுப்புக்கு நாள்தோறும் பலன் கொடுத்து வருகிறவர்கள் நாமே. அதில் அடங்காமையைக் காண்பதும், எஜமானை ஆள நினைக்கும் அகந்தையைக் காண்பதும் அந்த ஜீவனுக்குச் செய்கிற அநியாயம்.

ஆகவே அப்பியாசத்தைத் தெருவில் தொடங்காதீர்கள். வீட்டு முற்றத்தில் தொடங்குங்கள். ஆறடி நீளமுள்ள, கனமில்லாத ஒரு கயிற்றை எடுத்துக்கொள்ளுங்கள். முள் நீக்கி அவித்த சாளை மீனையோ, உப்பும் மசாலும் சேராமல் வேகவைத்த கோழி இறைச்சியையோ சுண்டுவிரல் நகமளவு துண்டுகளாக்கி மடியில் வைத்துக்கொண்டு, நாய் தானாக உங்கள் இடது முழங்காலருகே வரும் ஒவ்வொரு தடவையும், அந்த இடத்திலேயே ஒரு துண்டைக் கொடுங்கள். கையை முன்னே நீட்டிக் கொடுத்தால் அது முன்னே பாயவே கற்கும். முழங்காலை ஒட்டிக் கொடுத்தால் முழங்காலே அதற்கு நல்ல ஸ்தலமாகத் தோன்றும். இரண்டொரு நாளில் நடக்கத் தொடங்கலாம். கயிறு ஊஞ்சற் கயிறு போல வளைந்து தொங்கும் வரையில் நடை. அது இறுகிய அந்தக் கணத்திலேயே, வையாமல், வெட்டியிழுக்காமல், மரம் போல நின்றுவிடுங்கள். நாய் திகைக்கும், சற்று முனகும், பிறகு என்ன நேர்ந்ததென்று அறியத் தலையைத் திருப்பி உங்களைப் பார்க்கும். பார்க்கிறபோது கயிறு ஓர் அங்குலமாவது தொய்யும். அந்த அங்குலத்துக்காகத்தான் இத்தனை நேரம் காத்திருந்தோம்! உடனே ‘சரி’ என்று சொல்லி நடந்துவிடுங்கள். நின்றும் பயனில்லாத முரட்டு நாயானால், சாந்தமாகத் திரும்பி எதிர்த்திசையில் நாலடி வையுங்கள். முதல் சில நாள் கால் மணி நேரத்தில் பத்து வீட்டைக்கூடத் தாண்ட மாட்டீர்கள். அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

கொக்கின் விஷயம் வேறு. சுசீந்திரம் தேரூர்க் குளங்கள் 2022-ஆம் ஆண்டு முதல் ராம்சர் என்னும் சர்வதேச ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றவை. வலசை வரும் பறவைகள் இளைப்பாறுகிற அந்தக் கரையில் நாய் பாய்வது உங்கள் மணிக்கட்டுக்கு மட்டுமல்லாமல் அவற்றுக்கும் துன்பமே. சிப்பிப்பாறை, கன்னி முதலிய நம் வேட்டை ஜாதிகளுக்கோ, ஓடுகிறதைக் கண்டால் துரத்துவது பல தலைமுறைகளாக வளர்த்தெடுத்த சுபாவம். அதைத் தண்டித்து அழிக்க முடியாது. தூரத்தைக் கொண்டுதான் வெல்ல வேண்டும். பறவையைக் கண்டும் நாய் உங்கள் குரலைக் கேட்கக்கூடிய தூரம் எதுவோ, அது நூறு கஜமானாலும் சரி, அங்கே நின்று, அது பறவையைப் பார்த்துவிட்டு உங்களைப் பார்க்குந்தோறும் மீன் கொடுங்கள். பிறகு வாரத்துக்குச் சில கஜம் நெருங்கலாம். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று பலமாக வீசும் ஆனி, ஆடியில் வாசனைகள் எங்கெங்கிருந்தோ வந்து நாயை அலைக்கழிக்குமாதலால், அந்நாளில் அதனிடம் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். மோப்பம் அதற்குப் பெரிய இன்பம், அதையே பரிசாக்கிவிடுங்கள். தொய்ந்த கயிற்றோடு இருபது அடி வந்தால், அந்த வேலியோரத்தை ஆசை தீர மோந்து பார்க்கட்டும்.

கருவிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இழுக்க இழுக்கச் சுருக்கிடும் சங்கிலியும், உள்ளே முள் வைத்த பட்டையும் வேண்டவே வேண்டாம். என் முதல் நாயை நான் சங்கிலியால் வெட்டியிழுத்தே பழக்கினேன். அதன் கழுத்தில் மயிர் உதிர்ந்து தோல் தடித்துப்போன பிறகும் இழுப்பு நிற்கவில்லை, என் கை ஓங்கினால் ஒடுங்குவதை மட்டுமே அது கற்றது. இன்றும் அந்நினைவு மனத்தை வருத்துகிறது. கழுத்தை நெரிப்பது மூச்சுக்குழலுக்கு ஊறு. கண்ணின் உள்ளழுத்தத்தையும் அது உயர்த்தும். பலமாக இழுக்கும் நாய்க்கு, மார்பின் முன்புறத்தில் வளையமுள்ள மார்புவார், கடைக்காரர் ‘ஹார்னெஸ்’ என்பது, அனுகூலமானது. இழுத்தால் உடல் பக்கவாட்டில் திரும்பிவிடும். சிப்பிப்பாறைக்குத் தலை ஒடுக்கமாதலால் சாதாரணப் பட்டை காதைத் தாண்டிக் கழன்றுவிடும். மார்புவாரில்லாவிட்டால் அகன்ற பட்டையைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

இனி, வீட்டாரின் ஒற்றுமை. நீங்கள் காலையில் மரம் போல நின்று, மாலையில் பேரப்பிள்ளை அதன் பின்னால் ஓடினானானால், உழைத்ததெல்லாம் வீணாகும். எப்போதாவது மட்டும் கிடைக்கும் பலன் பழக்கத்தை இன்னும் ஆழமாக வேரூன்றச் செய்கிறது. ஆகையால் எல்லாருக்கும் ஒரே விதியைச் சொல்லி வையுங்கள். நின்று காத்திருக்க இயலாமல் அவசரமாகப் போக வேண்டிய நாளில், அப்பியாசத்துக்கென்று வைத்த பட்டையையோ மார்புவாரையோ மாட்டாமல் வேறொன்றை மாட்டிச் செல்லுங்கள்; இரண்டையும் நாய் வேறுபடுத்திக்கொள்ளும். வெயிலில் நாயின் பாதம் சுடாதிருக்க, தார் ரோட்டில் புறங்கையை ஐந்து விநாடி வைத்துப் பார்த்து, சுட்டால் வெயில் தாழும் வரை வீட்டிலிருங்கள். பேரன் பிடிக்கிற நாளில், கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாமல் உள்ளங்கையில் பிடிக்கச் சொல்லி, பக்கத்தில் நீங்களும் நடந்து வாருங்கள்.