இழுத்தால் விட்டுவிடுங்கள்



தீபாவளி நெருங்கினால் பகாவ் வட்டாரத் தோட்டங்களிலிருந்து கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியாவுக்குத் துணி வாங்கப் போகிறோம். கடைக்காரருக்கு முன்பே நம்மை வெளியூர் என்று கண்டுகொள்பவன் வழிப்பறிக்காரன். நடைபாதை நடுவில் நின்று அண்ணாந்து பார்ப்போம். பணத்தைத் தெருவிலேயே எண்ணுவோம்.

வழியை வீட்டிலேயே கேட்டுக்கொண்டு புறப்படுங்கள். 2011 முதல் தென்பகுதிப் பேருந்துகளுக்குப் புடுராயா இல்லை. பண்டார் தாசேக் செலாத்தான் முனையத்தில் இறங்கி எல்.ஆர்.டி. ஏறினால் மஸ்ஜித் ஜாமேக், அப்புறம் பொடிநடைதான். சந்தேகம் வந்தால் ஏதாவதொரு கடைக்குள் போய்க் கேளுங்கள்.

பறிப்பவர்கள் பெரும்பாலும் மோட்டார் சைக்கிளில் வருவார்கள். வாகனங்கள் எதிரே வரும் பக்கமாக நடங்கள். சாலையோரத் தோளில் பையை மாட்டாதீர்கள். பாட்டி இடுப்பில் செருகும் சுருக்குப்பையைக் கேலி செய்கிறோம்; அதைவிடப் பத்திரமான பணப்பை எனக்குத் தெரியாது!

நம் தாய்மார்கள் பையின் வாரைக் கையில் சுற்றிக்கொள்கிறார்கள். எனக்குப் பயமே இதுதான். 2004-இல் ஜொகூர் பாருவில் பை பறிப்பின்போது தலையில் அடிபட்ட ஒரு பெண் மாண்டே போனார். இழுத்தால் விட்டுவிடுங்கள், அம்மா.

"மைகாட் போய்விடுமே?" என்பீர்கள். தொலைத்தால் முதல் முறை 100 ரிங்கிட் அபராதம், உண்மைதான். வழிப்பறியில் போனதென்று போலீஸ் புகார் நகலைக் காட்டினால், தேசியப் பதிவிலாகா அந்த அபராதத்தை வாங்குவதில்லை. திரும்பி வரும் பஸ் காசு மட்டும் தனியே இருக்கட்டும். 999-ஐ அழைக்கும் கைப்பேசியையும் பைக்குள் போடாதீர்கள்.